அச்சகச் சிறுவனின் சொற்பயிற்சி



நாள்தோறும் பத்து ஆங்கிலச் சொற்களை மனனம் செய்யச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் பல்லாண்டுகள் அதையே செய்தேன். ஒருநாள், பட்டியல் முழுவதையும் பிழையின்றி ஒப்பித்த மாணவி, தோழிக்குப் பென்சிலை 'போரோ' கொடுத்ததாக வாக்கியம் எழுதினாள். இரவல் வாங்குவது 'போரோ', கொடுப்பது 'லெண்ட்'. மலாய்ப் பேச்சுவழக்கில் 'பிஞ்சாம்' என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் உதவுவதால் தடுமாறிவிட்டாள். குறை அவளிடம் இல்லை, என் பயிற்சிமுறையில்தான் என்று உணர்ந்தேன்.

அப்போது நினைவுக்கு வந்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1706இல் பாஸ்டன் நகரில், மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவரின் மகனாகப் பிறந்தார். பள்ளி சென்றது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார். நண்பருடன் கடிதவழி அவர் நடத்திய விவாதத்தைப் படித்த தந்தையார், எழுத்துப்பிழை இல்லை, ஆனால் நடையில் நயமும் ஒழுங்கும் தெளிவும் போதவில்லை என்று சான்று காட்டி விளக்கினார். மகன் சோரவில்லை; திருந்த முனைந்தார்.

அடிசனும் ஸ்டீலும் 1711இல் லண்டனில் தொடங்கிய 'ஸ்பெக்டேட்டர்' இதழின் தொகுதியொன்று அவருக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கமாகக் குறித்துக்கொண்டார். சில நாள்கள் கழித்து, நூலைப் பாராமல், கட்டுரையைத் தம் சொற்களில் மீண்டும் எழுதினார். பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். தம் சொல்வளம் குறைவென்று அப்போது கண்டார். ஒரே பொருளுக்கு வெவ்வேறு ஓசையும் அளவும் கொண்ட சொற்களைத் தேட வேண்டியிருக்கும் என்பதால், சில கதைகளைச் செய்யுளாக்கினார். மறந்த பின் மீண்டும் உரைநடையாக்கினார். இவையெல்லாம் இரவிலும், வேலைக்கு முந்திய அதிகாலையிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தவை. அவரே தம் தன்வரலாற்றில் இவற்றை எழுதியுள்ளார். 1776இல் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையை வரைய அமைந்த ஐவர் குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி. அவருக்கே இத்துணைப் பயிற்சி வேண்டியிருந்ததெனில், மூன்றாம் மொழியாகக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு வெறும் பட்டியல் எவ்வாறு போதும்?

இப்போது என் வகுப்பில் வாரம் ஒரு சிறு பத்தி மட்டுமே. திங்களன்று படித்துக் குறிப்பெடுப்பார்கள்; வியாழனன்று நூலை மூடிவைத்து எழுதுவார்கள்; பின்னர் தாங்களே ஒப்பிடுவார்கள். அண்மையில் அதே மாணவி, "ஐயா, 'லுக்', 'சீ', 'வாட்ச்' மூன்றும் வேறென்றால், தமிழில் பார்த்தல், காணுதல், நோக்குதல் ஆகியவையும் வேறுதானே?" என்று வினவினாள்.

ஒரு மொழியில் கூர்மையடைந்த கண் மறுமொழியிலும் ஒளிபெறுகிறது. பெற்றோர்களே, இல்லத்திலும் வாரம் ஒரு பத்தி போதும். இடைவிடாமை ஒன்றே முதன்மை.