சமரசம் என்னும் ஆபத்து: தலித் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையும் தடுப்பும்

குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையில் குற்றவாளி பெரும்பாலும் அந்நியர் அல்லர். போக்சோ சட்டத்தின்கீழ்ப் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் அவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியர் ஆகியோரோடு தலித் குழந்தைகளுக்கு இன்னொரு வகை அறிமுகமும் உண்டு: பெற்றோர் கூலிக்குச் செல்லும் நிலத்தின் உடைமையாளர், செங்கல் சூளை முதலாளி, முன்பணம் கொடுத்தவர். விடியலில் வேலைக்குச் செல்லும் பெற்றோர், கழிப்பறை இல்லாத வீடு ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆயினும், குற்றம் புரிபவருக்குத் துணிவு தருவது, இக்குடும்பம் புகார் கொடுத்தாலும் அதைத் திரும்பப் பெறச் செய்துவிடலாம் என்னும் நம்பிக்கையே.

2022இல் ராஜஸ்தானில், பட்டியல் சாதி மாணவியிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாக ஆசிரியர் ஒருவர்மீது வழக்குப் பதிவானது. சில வாரங்களிலேயே, தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டதாக மாணவியின் தந்தை எழுதிக்கொடுத்தார். அச்சமரசத்தை ஏற்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. வழக்கில் தரப்பினர் அல்லாத மூன்றாம் நபர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2024 நவம்பர் 7 அன்று அந்த ஆணை நீக்கப்பட்டது. இத்தகைய குற்றம் இரு தரப்புக்கு இடையேயான தனிப்பட்ட தகராறு அன்று என நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குடும்பம் பணிந்துவிட்ட பின்னரும் வெளியார் வழக்கைக் காக்க முடிந்தது என்பதே களப்பணியாளர்களுக்கு இத்தீர்ப்பின் பயன்.

எனினும், வேலை மறுக்கப்பட்ட குடும்பத்துக்குத் தீர்ப்பு சோறு போடாது. அதற்கான வழி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ(6) பிரிவில் உள்ளது. முழுப் பாதுகாப்பு, விசாரணைக் காலத்துப் பயண, பராமரிப்புச் செலவு, சமூகப் பொருளாதார மறுவாழ்வு, தேவையெனில் இடமாற்றம் ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் சிறப்பு நீதிமன்றம் அளித்தாக வேண்டும். சாட்சி பிறழ்ந்த பின் வருந்தும் நாம், இதற்கான மனுவை முதல் மாதத்திலேயே தாக்கல் செய்யத் தவறுகிறோம். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும், அதற்கான மிரட்டலும் தனிக் குற்றங்கள். அவற்றுக்குத் தனிப் புகார் கொடுக்க வேண்டும்.

முதல் தகவல் அறிக்கையில் போக்சோவுடன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் இடம்பெற வேண்டும். சாதி நோக்கம் நிறுவப்படவில்லை எனக் காவல்துறை மறுத்தால், கடுங்குற்றங்களுக்கான 3(2)(v) பிரிவு 2016 சனவரி 26 முதல் மாறியதைச் சுட்டுக. பாதிக்கப்பட்டவரின் சாதியை அறிந்து செய்திருந்தாலே போதுமானது. குடும்பத்தை நேரில் அறிந்தவர் சாதியையும் அறிந்திருந்தார் என 8ஆம் பிரிவு அனுமானிக்கிறது. ஆகவே 'அறிமுகமானவர்' என்னும் உண்மை இங்கு அரசுத் தரப்புக்கு வலுச்சேர்க்கிறது. பிணை விசாரணை உள்ளிட்ட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்ட தரப்புக்கு முன்னறிவிப்புத் தரப்பட வேண்டும்.

(சாதி மறுத்துக் காதலிக்கும் தலித் இளைஞர்கள்மீது இதே போக்சோ ஏவப்படுவதும் நடக்கிறது, அது தனியே எழுதப்பட வேண்டியது.)

நல்ல தொடுதல், தீய தொடுதல் பாடம் தேவைதான். ஆனால் தற்காப்பின் சுமையைக் குழந்தைமீதே ஏற்றிவிட்டு ஒதுங்கும் பள்ளிகளை நாம் ஏற்பதற்கில்லை. குற்றத்தை அறிந்த எவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ 19ஆம் பிரிவு. மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக்குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். அழைக்க வேண்டிய எண் 1098. விடுதிகளில் இவ்வெண், காப்பாளர் அறைக்குள் அன்றி, குழந்தைகள் நாள்தோறும் கடந்து செல்லும் சுவரில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை மாணவர் அமைப்புகள் நேரில் சென்று பார்க்கலாம்.