‘அதிபதி’ மட்டும் போகவில்லை

பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இலங்கையின் ஆளுநரைத் தமிழில் ‘தேசாதிபதி’ என்றார்கள். 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. முடியாட்சி மட்டும் நீங்கவில்லை. ஆறாம் ஜார்ஜும், 1952 முதல் இரண்டாம் எலிசபெத்தும் இலங்கைக்கும் அரசர், அரசியாகவே இருந்தார்கள். லண்டனில் இருப்பவருக்காகக் கொழும்பில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டுமே? அவர் ‘மகாதேசாதிபதி’ ஆனார். 1972 மே 22 அன்று இலங்கை குடியரசானதும் அரசிக்கு விடை கொடுத்தாயிற்று. கடைசி மகாதேசாதிபதி வில்லியம் கோபல்லாவவே முதல் ஜனாதிபதி. தேசம் இருந்த இடத்தில் ஜனம் வந்தது. அதிபதி அப்படியே இருந்தார். சிங்களத்தில் இந்தத் தொடர்ச்சி கண்ணில் படாது. அங்கே மகாதேசாதிபதிக்கு வழங்கிய பெயரே வேறு.

அதிபதி என்றால் உடையவன், ஆள்பவன். சாதகக் கட்டத்தை விரித்ததும் சோதிடர் ஏழாம் வீட்டு அதிபதி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுவாரே, அந்த அதிபதிதான். மடாதிபதி, சேனாதிபதி, லட்சாதிபதி எல்லாம் அதே வார்ப்பு. அப்படியானால் ஜனங்களுக்கு அதிபதி யார்? வடமொழியில் ‘ஜனாதிப’ என்றால் மன்னன் என்றே பொருள். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், போர்க்களத்தில் கூடிநிற்கும் அரசர்களைக் கண்ணன் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறான். முடியை இறக்கிவைத்த நாடு, அந்த இடத்தில் அமர்த்தியவருக்கு மன்னனின் பழைய பெயரையே சூட்டிவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டிலும் ஜனாதிபதி வெகுகாலம் புழங்கியது. ‘ஜனாதிபதி ஆட்சி’ இன்றும் பேச்சில் உண்டு. அரசு வழக்கில் நிலைத்தது ‘குடியரசுத் தலைவர்’. குடியரசு என்ற சொல் அதற்கு முன்பே தயாராக இருந்தது. ருசியப் புரட்சியைப் பாடிய பாரதி அதைக் கையாண்டார். 1925இல் பெரியார் தம் வார இதழுக்கே அதைப் பெயராக்கினார். ‘இலங்கை அதிபர்’ என்று சென்னை நாளேடுகள் எழுதுவதுதான் வேடிக்கை. யாழ்ப்பாணத்தில் அதிபர் என்றால் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். மலேசியாவில் கதை தலைகீழ்: பெயர் ‘மாமன்னர்’, ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கோபல்லாவவுக்குப் பெயர் மாறியதே தவிர வேலை அதிகம் மாறவில்லை. அரசிக்குப் பதிலாகப் பிரதமர் நியமித்தார், அவ்வளவுதான். கொழும்புக் கோட்டையில் அவர் இருந்த இராணி மாளிகை ஜனாதிபதி மாளிகை ஆயிற்று. அதன் வாசலில் ஓடும் குயின்ஸ் வீதி ஜனாதிபதி மாவத்தை ஆயிற்று.

உண்மையான மாற்றம் அரசியல் யாப்பின் உள்ளே நடந்தது. ஓர் இனத்தையோ மதத்தையோ மட்டும் பாதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று அதுவரை இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. 1972இன் யாப்பில் அது இல்லை. லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழியை 1971இலேயே ஒரு சட்டம் மூடியிருந்தது. 29ஆம் பிரிவு தந்த காப்பு நடைமுறையில் பெரிதாக உதவியதில்லை என்பது உண்மை. ஆனாலும் முடியை அகற்றுகிற கையோடு அதையும் அகற்ற வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வியைத் தமிழ்த் தலைவர்கள் எழுப்பியது நியாயமே.

1978 பிப்ரவரியில் ஜே. ஆர். ஜெயவர்தன அதே பெயரில் முற்றிலும் வேறொரு பதவியை ஏற்றார்: ‘நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி’. அமைச்சரவைக்குத் தலைவர், முப்படைகளின் தளபதி, பதவியில் இருக்கும்வரை வழக்குத் தொடர முடியாதவர். இலங்கையின் அரசியாக இருந்த இருபது ஆண்டுகளில் எலிசபெத்துக்கு நடைமுறையில் இதில் காற்பங்கு அதிகாரம்கூட இருந்ததில்லை. சொல்லுக்குள் பதுங்கியிருந்த மன்னன் அன்றுதான் வெளியே வந்தான்.

இந்த முறையை ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா குமாரதுங்க வாக்களித்தார், வென்றார், முறை நீடித்தது. 2022 ஜூலை 9 அன்று மாளிகைக்குள் மக்கள் புகுந்த போராட்டத்திலும் அதே கோரிக்கை இருந்தது. என்றாவது அது நிறைவேறி, அடையாளத் தலைவர் ஒருவர் மட்டும் போதும் என்று முடிவானால், யாப்பைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘குடியரசுத் தலைவர்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம். புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை.