கவிழ்த்து வைத்த கப்பல்

இன்றைய எபிசோடை என்னுடைய ஒரு தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மரக்கப்பல் மாடல் கிட் வாங்கினேன். பெட்டிக்குள் பொடிப்பொடியாக மரத்துண்டுகள், ஒரு வரைபடம், ஒரு கட்டு மெல்லிய வால்நட் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் 5 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமன். எலும்புக்கூடு மாதிரி சட்டங்களை நிறுத்தி, அதன்மேல் இந்தப் பட்டைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே வரவேண்டும். நடுப்பகுதி வரை பிரச்சினையே இல்லை. கப்பலின் மூக்கு வளைகிற இடத்துக்கு வந்ததும் ‘டக்’. முதல் பட்டை உடைந்தது. தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன். மறுபடியும் ‘டக்’. ஆறு பட்டை போனதும் கப்பலைத் தூக்கி அலமாரிமேல் வைத்துவிட்டேன்.

அதைக் கீழே இறக்க வைத்தவர் கப்பல்காரர் இல்லை. சென்னையில் கிடார் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர். இளவயதில் கிடார்களை முழுசாகவே செய்தவர். என் கிடாரின் பக்கவாட்டில் விழுந்த விரிசலைக் காட்டப் போனபோது, பேச்சுவாக்கில் கப்பல் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு இரும்புக் குழாயை எடுத்து வைஸில் மாட்டினார். உள்ளே கேஸ் தீயைக் காட்டினார். குழாய்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு துள்ளி ஓடியது. “இப்பப் பாரு தம்பி” என்று ஈரமான ஒரு மரப்பட்டையைக் குழாயின்மேல் வைத்து, மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார். அழுத்தவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மரம் தானாகவே இளகி வளைந்தது.

“நீங்க பலத்தைக் காட்டுறீங்க. சூட்டைக் காட்டணும். அது விட்டுக்கொடுக்கிற நேரம் கைக்குத் தெரியும்.”

அந்த ஒரு நாளில்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. வாத்தியம் செய்கிறவருக்குக் கப்பல் எப்படித் தெரிகிறது? தேடிப் போனால், இந்த உறவு பல நூறு வருஷம் பழையது.

முதலில் மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் இயற்கைப் பசை லிக்னின். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இளகும். அந்த நேரத்தில் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் நகரும். ஆறியதும் லிக்னின் இறுகி, புது வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். நான் பட்டையை ஊறவைத்தேன், சரி. ஆனால் சூடு காட்டவில்லை. பாதி வேலைதான் செய்திருந்தேன்.

நிஜக் கப்பல் கட்டியவர்களும் இதையேதான் செய்தார்கள். 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கப்பல்துறைகளில் பெரிய ஓக் பலகையின் ஒரு பக்கத்துக்கு நெருப்பைக் காட்டி, மறுபக்கத்தை ஈரமாக வைத்து, எடை கட்டித் தொங்கவிட்டு வளைத்தார்கள். பிற்காலத்தில் நீராவிப் பெட்டி வந்தது. கிடார்க்காரரின் குழாயும் கப்பல்துறையின் நெருப்பும் செய்வது ஒரே வேலை.

வளைப்பது மட்டும் இல்லை, வடிவமும் ஒன்றுதான். ஐரோப்பாவில் லூட் என்று ஒரு தந்தி வாத்தியம். அரேபியர்களின் ‘ஊத்’ வழியாக வந்தது. அரபியில் ஊத் என்றால் மரம் என்றே பொருள். பாதியாக வெட்டிய பேரிக்காய் மாதிரி அதன் பின்புறம் உப்பியிருக்கும். அந்த உப்பலைக் குடைந்து செய்வதில்லை. ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மரப்பட்டைகளைச் சூட்டில் வளைத்து, ஒரு அச்சின்மேல் விளிம்போடு விளிம்பாக ஒட்டுவார்கள். சில லூட்களில் 30 பட்டைகளுக்கும் மேல் இருக்கும். ஒவ்வொரு பட்டையும் நடுவில் அகலம், இரண்டு முனையிலும் குறுகல். ஆரஞ்சுச் சுளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கப்பலுக்கு வாங்க. கப்பலின் வயிற்றுப் பகுதியில், அடியில் இருக்கும் ஏராக்காலிலிருந்து மேலே விளிம்பு வரை தூரம் அதிகம். மூக்கிலோ குறைவு. அதனால் பலகைகள் மூக்கை நெருங்க நெருங்கக் குறுகியே ஆகவேண்டும். நான் எல்லாப் பட்டையையும் ஒரே அகலத்தில் ஓட்டியிருந்தேன். அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி முட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம். லூட் செய்பவர் இந்தத் தப்பைச் செய்யமாட்டார். அவர் முதல் நாளே கற்பது சுளையை வெட்டத்தான். லூட்டின் முதுகு அவருக்குக் கவிழ்த்து வைத்த கப்பல்.

இந்த இரண்டு உலகமும் ஒரே மனிதர் வாழ்க்கையில் சந்தித்த கதை ஒன்று இருக்கிறது. சாமுவேல் பீப்ஸ். 1660களின் லண்டனைப் பற்றி நாட்குறிப்பு எழுதியவர். 1660இல் அவருக்குக் கடற்படை நிர்வாக வாரியத்தில் பெரிய பதவி கிடைத்தது. ஆனால் கப்பலைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. தச்சரும் மர வியாபாரியும் ஏமாற்றினால் கண்டுபிடிக்க முடியாது. 1662இல் கூப்பர் என்ற கப்பல் அதிகாரியிடம் பாடம் படித்தார். பாடப்புத்தகம் எது தெரியுமா? ஆபீஸில் இருந்த ஒரு கப்பல் மாடல். அதை வைத்துத்தான் கப்பலின் உடல் எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்றுக்கொண்டார்.

அதே பீப்ஸ் சங்கீதப் பைத்தியம். லூட், வயல் எல்லாம் வாசிப்பார். 1668இல் ஒரு வாத்தியக்காரர் கடைக்குப் போய்க் குழல்களைப் பற்றி நெடுநேரம் பேசி, ஒரு ரெக்கார்டர் குழலை வாங்கி வந்தார்.

அந்தக் காலத்து ரெக்கார்டர்கள் பல பாக்ஸ்வுட் என்ற மரத்தில் கடையப்பட்டவை. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கப்பல் மாடல்களிலும் பாக்ஸ்வுட்டும் பேரிமரமும்தான் பிரபலம். இதற்குக் காரணம் அளவு. ‘நேவி போர்டு மாடல்கள்’ என்று இன்று அழைக்கப்படுபவை பெரும்பாலும் 1:48 அளவில் செய்யப்பட்டவை. அந்த அளவில் ஒரு மனிதன் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் உயரம்தான். கப்பலைச் சுருக்கலாம், மரத்தின் துளைகளைச் சுருக்க முடியாது. ஓக்கில் மாடல் செய்தால் ஒவ்வொரு துளையும் பலகையில் விழுந்த பள்ளம் மாதிரித் தெரியும். பாக்ஸ்வுட்டில் இழை கண்ணுக்கே தெரியாத அளவு நெருக்கம். கூர்மையான விளிம்பு நிற்கும். குழல் கடைபவருக்கும் அதுவேதான் வேண்டும்.

1670இல் கட்டிய ‘பிரின்ஸ்’ என்ற 100 பீரங்கிப் போர்க்கப்பலின் மாடல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த வகை மாடல்களில் கீழ்ப்பகுதிக்குப் பலகை போடாமல் விட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் விலாச் சட்டங்கள் அப்படியே தெரியும். நம்ம கடற்கரைத் தச்சர்கள் இவற்றை ‘வங்கு’ என்பார்கள். அந்த நிஜக் கப்பல் இன்று இல்லை. மாடல் இருக்கிறது.

நம்ம பக்கத்தில் என்ன என்று கேட்பீர்கள். இங்கே மரத்தைக் கையாண்ட வழிகள் வேறு. தஞ்சாவூர் வீணையின் குடத்தைப் பட்டை ஒட்டிச் செய்வதில்லை, பலாமரத்தைக் குடைந்து எடுக்கிறார்கள். முழு வீணையையும் ஒரே மரத்தில் செய்தால் அது ஏகாண்ட வீணை. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்னால் அலையைத் தாண்டி ஆட்களைக் கரைசேர்த்த மசூலா படகுகளில் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு கொஞ்சம் நெளிந்துகொடுக்கும். கப்பல் மாடலிலும் முழு மரக்கட்டையைச் செதுக்கிச் செய்கிற முறை ஒன்று உண்டு. பலா குடைகிற ஒருவர் அந்த முறையில் உட்கார்ந்தால், மாடல்காரர் எத்தனையோ வருஷம் கழித்துப் பிடிக்கும் விஷயம் அவர் கையில் ஏற்கெனவே இருக்கும்.

சரி, இப்போது கொஞ்சம் கஷ்டமான பகுதி. கைப்பழக்கம் அறுந்துபோனால் என்ன ஆகும்?

ரெக்கார்டருக்கு அதுதான் நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது மேடைகளிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. செய்கிறவர்களும் போய்விட்டார்கள். ஆர்னால்ட் டோல்மெட்ச் என்பவர் பழைய வாத்தியங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார், தானே செய்தும் பார்த்தார். 1893இல் தன் முதல் லூட்டைச் செய்தார். அவரிடம் பிரெஸ்ஸன் என்ற பழைய லண்டன் கைவினைஞர் செய்த ஒரு ரெக்கார்டர் இருந்தது. 1919இல் ஒரு கச்சேரி முடிந்து திரும்பும்போது, சிறுவனான அவர் மகன் கார்ல் அந்தக் குழல் இருந்த பையை வாட்டர்லூ ரயில் நிலையத்தில் மறந்துவிட்டான். பை போய்விட்டது.

டோல்மெட்சிடம் அளவுகள் இருந்தன. அதை வைத்துப் புதிதாக ஒன்று செய்ய உட்கார்ந்தார். அளவு மட்டும் போதவில்லை. காற்று நுழையும் வழியும் அது மோதும் விளிம்பும் மயிரிழை மாறினால் தொனியே மாறிவிடும். திரும்பத் திரும்பச் செய்து பார்த்துத்தான் ஒரு குழலைப் பாட வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் ரெக்கார்டர் மறுபடி பள்ளிக்கூடங்கள் வரை போனதற்குப் பின்னால் அந்தப் பட்டறைக்குப் பெரிய பங்கு உண்டு. தொலைந்த அந்தப் பழைய குழலும் பின்னால் திரும்பக் கிடைத்தது.

இந்தக் கதையைப் படித்த வாரம் நான் மறுபடி அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். கடையைக் காலி செய்யப் போவதாகச் சொன்னார். வாடகை கட்டுப்படியாகவில்லை. பையன் ஐ.டி. வேலையில் இருக்கிறான், அவனைக் குறை சொல்லவும் இல்லை. “குழாயை நீங்களே எடுத்துக்குங்க தம்பி. இல்லேன்னா காயலான் கடைக்குத்தான் போகும்” என்றார்.

எனக்கு டோல்மெட்ச் ஞாபகம் வந்தது. வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு போய் அவர் வளைத்து வைத்திருந்த துண்டுகளை அளந்தேன். ஒன்று 1.9 மில்லிமீட்டர், ஒன்று 2.2, ஒன்று சரியாக 2. “அண்ணே, எவ்வளவு தடிமன்ல நிறுத்தணும்?” என்று கேட்டேன். அவர் ஒரு துண்டை விரலால் தட்டிக் காதருகே வைத்தார். அப்புறம் கொஞ்சம் வளைத்துப் பார்த்தார். “இது ஈட்டி. இதுக்கு இவ்வளவு. அந்தக் கட்டைக்கு இன்னும் கொஞ்சம் விடலாம்.” என் நோட்டில் மூன்று எண்கள் இருந்தன. அவர் சொன்னது அந்த மூன்றிலும் இல்லை.

அதனால் அளவு எடுப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை. நான் வளைத்தேன், அவர் பார்த்தார். புகை வாசனை வந்ததும் “எடு, எடு” என்பார். உளியால் நான் தேய்த்த இடத்தை ஒரு இரும்புத் தகட்டால் சுரண்டிக் காட்டுவார். உப்புத்தாளைவிட அதில் விளிம்பு சுத்தமாக வரும். ஒட்டுவதற்கு வச்சிரம் காய்ச்சினார். வாத்தியக்காரர்கள் அதை ஏன் விடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. சூடும் ஈரமும் காட்டினால் இணைப்பு பிரியும். அதாவது இன்றைக்குச் செய்த தப்பை நாளைக்குச் சரி செய்யலாம். கிளம்பும்போது கிடார் விரல்பலகையில் மிஞ்சிய ஒரு சாண் கருங்காலித் துண்டைக் கொடுத்தார். 1:48 அளவில் ஒரு கப்பலின் கறுப்புப் பட்டிகள் மொத்தத்துக்கும் அது போதும்.

அலமாரியிலிருந்து கப்பல் இறங்கிவிட்டது. பழைய பட்டைகளைப் பிரித்துவிட்டு, சுளைசுளையாக வெட்டி முதலில் இருந்து ஆரம்பித்தேன். இடதுபக்கம் முடிந்திருக்கிறது. மூக்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டை லேசாகக் கருகியிருக்கும், “எடு” என்று அவர் சொல்லியும் நான் கேட்காத பட்டை. அதை மாற்றவில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பட்டறை இருக்கலாம். வேலை ஏதும் இல்லையென்றாலும் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.