செஞ்சிக் குன்றுகள்

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் எழுந்து நிற்கும் கருங்கல் மலைத்தொகுதி. சோழமண்டலக் கரை, மாமல்லபுரத்தைப் போன்ற ஓரிரு இடங்கள் நீங்கலாக, மணலும் கழிமுகமும் சவுக்குத் தோப்புமாய்த் தாழ்ந்து கிடப்பது. பிற நாட்டுக் கடலோரங்களில் பாறையும் அலையும் மோதும் இடத்தில் விளங்கும் முரட்டு வனப்பைத் தமிழ்நாட்டின் இப்பகுதியில் காண விரும்புகிறவர், கரையை விட்டு மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வந்து செஞ்சியின் முன் நிற்க வேண்டும்.

இக்குன்றுகளின் கல், பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாயிருந்து, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகியது. மேலே மூடியிருந்தவை யாவும் காலக்கிரமத்தில் அரிக்கப்பட்டுப் போக, வெளிப்பட்ட கல்லின் வெடிப்புகளுக்குள் மழைநீர் புகுந்து, முனைகளை முதலிலும் முகங்களைப் பின்னருமாகச் சிதைத்து, வீடளவும் தேரளவுமான உருண்டைகளைச் சரிவெங்கும் விட்டுச் சென்றது. ஒன்றன்மேலொன்றாய் அவை நிற்கும் நிலையைக் கண்டு யாரோ அடுக்கியவை என்று எண்ணுவோர் உண்டு. ஆயினும் உருட்டியதும் அடுக்கியதும் நீரும் வெயிலுமே.

மனிதர் இப்பாறைகளை முதலில் நாடியது யுத்தத்திற்காக அன்று, தவத்திற்காக என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர் குன்றில், ஒரே பாறை முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் செதுக்கப்பட்டிருப்பதோடு, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியும் பழைய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மண்டகப்பட்டில் கோயில் குடைந்ததும் இந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்லிலேதான்.

கோட்டையின் தொடக்கத்தைக் கோனார் குலத்தவர்க்கு உரியதாக்குவது மரபு. இன்று காணும் மதில்களிற் பெரும்பகுதி நாயக்கர் காலத்தும் அதன் பின்னும் எழுந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான் துர்க்கம் என்னும் மூன்று சிகரங்களையும் இணைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் ஓடும் அம்மதில், செங்குத்தான பாறை வரும் இடத்தில் நின்றுவிடுகிறது. அங்கே பாறையே மதில். 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சிக்கு அருகில், சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட இயற்கைப் பிளவு ஒன்றிருக்கிறது. அதன்மேலிட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எந்தச் சேனைக்கும் வழியில்லை. 1690 முதல் 1698 வரை ஜுல்பிகர்கானின் மொகலாயப் படை, மராட்டியர் வசமிருந்த கோட்டையை முற்றுகையிட்டு இங்கே காத்துக் கிடந்ததற்கு, அவர்கள் வீரத்தோடு இப்பாறையின் அமைப்பும் மழைநீர் தேங்கும் சுனைகளும் காரணமென்று கொள்வதே நியாயம்.

கடற்கரையின் விதியும் இங்கிருந்தே பலமுறை நிர்ணயிக்கப்பட்டது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் விலைக்குப் பெற்றது செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து. 1750-இல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றியபின், இங்குள்ள ஒற்றைக்கல் தூண்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டன. கடற்கரையிலுள்ள காந்தி சிலையைச் சுற்றி இன்று நிற்பவை அவையே.

அரசுகளின் கொடிகள் இறங்கிப் போனபின்னும் குடியிருந்து வருபவை இங்குள்ள தாவரங்களும் பிராணிகளும். உசிலை, காரை, சூரை, சதுரக்கள்ளி, சீத்தா ஆகியவை பாறையிடுக்கில் கிடைத்த கைப்பிடி மண்ணிலே நிலைகொள்ள, ஆல், அத்தி இனத்து மரங்கள் வெறும் கல்லின்மேல் வேரை வழியவிட்டு, வெடிப்பு வெடிப்பாய்த் தடவி ஈரத்தைக் கண்டெடுக்கின்றன. வெயிலேறிய பாறைமீது தட்டையாய் ஒட்டிக்கிடக்கும் பாறை ஓந்தி, மற்ற நாளில் கல்லின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தப்புவது. இனப்பெருக்கப் பருவத்தில் ஆணின் முதுகு செவ்வண்ணமும் பக்கங்கள் கருமையுமாக மாற, அது உயர்ந்த கல்லொன்றில் ஏறித் தலையை மேலும் கீழும் அசைத்துத் தன் எல்லையை அறிவிக்கும். கோட்டையிலுள்ள கல்யாண மகாலின் நிழலிலும் படிக்கட்டுகளிலும் நாட்டுக் குரங்குகள் கூட்டங்கூட்டமாய் வாழ்கின்றன. யாத்திரிகர் தரும் தின்பண்டம் அவற்றின் சுபாவத்தைக் கெடுத்திருப்பது வருந்தத்தக்கது.

இவை எல்லாவற்றினும் விசேஷமானது மஞ்சள்தொண்டைச் சின்னான். ஜெர்டன் என்னும் இயற்கை நூலார் 1845-இல் விஞ்ஞான உலகிற்கு விவரித்த இப்பறவை, தென்னிந்தியாவின் கற்குன்றுகளையன்றி உலகில் வேறெங்கும் இல்லாதது. சாம்பல் உடலும் பளிச்சென்ற மஞ்சள் தொண்டையும் உடைய அது, குரலை முதலில் கேட்கவிட்டு உருவத்தை நெடுநேரம் மறைத்துவைக்கும். பழமரமும் புதரும் உருண்டைக் கற்களும் ஒருங்கே அமைந்த சரிவே அதற்கு வேண்டும். அத்தகைய சரிவுகள் குறைந்து வருவதால், அழிவை எதிர்நோக்கக்கூடிய பறவைகளின் வரிசையில் அது வைக்கப்பட்டிருக்கிறது.

இக்குன்றுகளின் நீரைத் திரட்டிச் செல்லும் சங்கராபரணி, வராக நதியென்றும் செஞ்சியாறென்றும் வழங்கப்பெற்று, கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரையைக் கடந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது.

கோட்டை 1921-இல் தேசிய முக்கியத்துவமுள்ள சின்னமாக ஏற்கப்பட்டது. 2025 ஜூலையில், மராட்டியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டிலுள்ள ஒரே கோட்டையாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பட்டியலுக்கு வெளியே உள்ள குன்றுகளின் கதை வேறு; ஜல்லிக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, பச்சை நீர் தேங்கிய பள்ளமாகிவிட்ட குன்றுகளை இம்மாவட்டத்துச் சாலைகளில் இன்றும் பார்க்கலாம்.