ஒரு நாவல், ஓராண்டு, ஓர் ஆயர்

இலக்கியத்திலிருந்து உருவான திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் ஓராண்டுக் காலம் பார்த்துத் திறனாய்வு செய்ய விழையும் வாசகர் வட்டத்தினர், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கதைகளைத் தேர்ந்துகொள்வதே வழக்கம். அதனினும் பயன் தரும் வழி ஒன்றுண்டு. ஒரே நூலை எடுத்துக்கொண்டு, நூறாண்டுகளில் அது திரையில் பெற்ற உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காணலாம். விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசெராப்ல்' இதற்கு மிகப் பொருந்தும். கவியோகி சுத்தானந்த பாரதியாரின் தமிழாக்கத்தால் 'ஏழை படும் பாடு' என நாம் அறிந்த நூல் அதுவே.

எனவே முதல் இரு மாதங்களைப் படத்துக்கன்று, படிப்புக்கே ஒதுக்க வேண்டும். 1862இல் வெளிவந்த அந்நூலைத் திறப்போர் கதைத்தலைவன் ழான் வல்ழானை உடனே காணமாட்டார்கள். முதற்பகுதியின் 14 இயல்களும் தீஞ் நகர ஆயர் மிரியேலைப் பற்றியவை. தமது மாளிகையை நோயாளருக்கு அளித்துவிட்டு, மருத்துவமனையாயிருந்த சிறு வீட்டில் அவர் குடியேறுகிறார். ஆண்டு வருவாயான 15,000இல் தமக்கென 1,000 மட்டும் வைத்துக்கொள்கிறார். 1805 முதல் 1838 வரை அந்நகரில் ஆயராயிருந்த மியோலிஸ் என்பாரே இப்பாத்திரத்துக்கு முன்மாதிரி.

இந்த ஆயரை இரு தரப்பாரும் விரும்பவில்லை என்பது சுவையான வரலாறு. குருக்கள்மீது கசப்புற்றிருந்த ஹ்யூகோவின் மகன் சார்ல், ஆயருக்குப் பதிலாக ஒரு மருத்துவரை வைக்கும்படி தந்தையை வேண்டினார், தந்தை இணங்கவில்லை. மறுபுறம், 1864இல் உரோமை இந்நூலைத் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலே 1966இல் தன் சட்ட வலிமையை இழந்தது.

பத்தாம் இயலை யாரும் தாண்டிச் செல்லலாகாது. பிரெஞ்சுப் புரட்சி மன்றத்தின் பழைய உறுப்பினர் ஒருவர், ஊராரால் வெறுக்கப்பட்டு, தனிமையில் சாகக் கிடக்கிறார். ஆயர் தயக்கத்தோடுதான் அவரைக் காணச் செல்கிறார். ஏழைகளின் கண்ணீரைப் பற்றி இருவரும் வாதிடுகின்றனர். முடிவில் முழந்தாளிடுபவர் ஆயரே. சாகும் மனிதரிடம் அவர் ஆசி வேண்டுகிறார்! தம் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனுக்கு மெழுகுதிரித் தண்டுகளையும் சேர்த்தளிக்கும் புகழ்பெற்ற நிகழ்ச்சி இதன் பின்னரே வருகிறது. அந்தப் பெருந்தன்மையின் வேர் இந்த முழந்தாளில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. குறுகிய நேரமே ஓடும் படங்களிலோ இவ்வியலுக்கு இடமில்லை. ஆயர் ஓரிரவு விருந்தோம்பிவிட்டு மறைந்துவிடுகிறார். வேரின்றி மலரை மட்டும் காண்கிறோம்.

இவ்வளவு அறிந்தபின் படங்களுக்கு வரலாம். 1912இல் கப்பெல்லானி இயக்கிய மௌனப் படத்தில் ழான் வல்ழானாக நடித்தவர் ஹென்றி க்ரவுஸ். 1925இல் ஃபெஸ்கூர் எடுத்த மௌனப் படம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஓடுவது. 1934இல் ரேமோன் பெர்னார் மூன்று பகுதிகளாக எடுத்த பேசும்படத்தில் வல்ழானாக வந்தவர் ஹாரி போர். அதில் ஆயராகத் தோன்றியவரோ பழைய வல்ழானான அதே க்ரவுஸ்! இது ஒரு முறை மட்டும் நிகழ்ந்ததன்று. 1985இல் இலண்டன் இசை நாடகத்தில் வல்ழானாகப் பாடிய கோம் வில்கின்சன், 2012ஆம் ஆண்டின் இசைப்படத்தில் ஆயராக வந்தார். மன்னிப்புப் பெற்றவன் முதிர்ந்து மன்னிப்பவனாகிறான். நடிகர் தேர்வே இங்கு ஒரு விளக்கவுரையாகிவிட்டது.

தமிழுக்கும் ஒரு மாதம் உரியது. கே. ராம்நாத் இயக்கத்தில் 1950இல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தில் நாகையா தலைவனாக நடித்தார். துரத்தும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்ற பெயர் வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டது. துரத்துபவனையே மக்கள் நினைவில் வைத்தனர் போலும். ஹ்யூகோ கதையின் சாயல் கொண்ட, சிவாஜி கணேசன் நடித்த 'ஞான ஒளி'யையும் (1972) இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம். ஆலயமும் குருவானவரும் கதையின் நடுவிலேயே நிற்கும் படம் அது.

முடிவுகளை ஒப்பிடுவது தனி ஆய்வு. 1998ஆம் ஆண்டுப் படம், காவல் அதிகாரி ஆற்றில் மூழ்கியதும் வல்ழான் விடுதலையாய் நடந்து செல்வதோடு முடிந்துவிடுகிறது. பரபரப்பான முடிவுதான், ஆயினும் நாவலின் மரணப் படுக்கை அதில் இல்லை. நூலிலோ, குரு ஒருவர் வேண்டுமா என்று கேட்கும்போது, தனக்கு ஒருவர் இருக்கிறார் என்று வல்ழான் மேலே சுட்டுகிறான். அருகே அந்த மெழுகுதிரித் தண்டுகள் எரிகின்றன. 2012ஆம் ஆண்டுப் படம் அவன் இறக்கும் வேளையில் ஆயரை மீண்டும் திரையில் நிறுத்தி, இவ்விடத்தை மீட்டுத் தந்தது. பிபிசி நிறுவனம் 2018 இறுதியில் தொடங்கிய ஆறு பகுதித் தொடர், வாட்டர்லூ போர்க்களத்தில் ஆரம்பிக்கிறது. டெரக் ஜாக்கோபியின் ஆயர் அதில் கனிவானவர்தான். எனினும் ஆறு மணி நேரம் கையிலிருந்தும் போர்க்களத்தை முன்வைக்கத் தோன்றியது ஏன் என்று வட்டத்தினர் கேட்கலாம்.

பன்னிரண்டாம் மாதத்துக்குப் படம் வேண்டா. பத்தாம் இயலை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் அதற்கு ஒரு காட்சி எழுதிப் பார்க்கட்டும்.