முசுறு வேஷம் கட்டிய சிலந்தி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம் இருந்தது. மரக்காணத்து உப்புக் காற்றில் மா வராது என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல் 1985-ல் நான் நட்டது. வளர்ந்தது, காய்த்தது, கூடவே முசுறும் வந்தது. முசுறு என்றால் நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பச்சை இலைகளை இழுத்துப் பிடித்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. அதற்குக் கொடுக்கு கிடையாது. கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். காய் பறிக்க ஏறியவன் லுங்கியை உதறிக்கொண்டு குதிப்பான். சங்கப் பாட்டுகளில் வரும் முயிறு இதுதான்.

இரண்டு கோடை பொறுத்துப் பார்த்தேன். மூன்றாவது கோடையில் பி.எச்.சி. தூள் வாங்கிவந்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, கிளை கிளையாகத் தட்டினேன். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். (1997-ல்தான் அதை நாட்டில் தடை செய்தார்கள்.) முசுறு கொத்துக் கொத்தாக விழுந்தது. அடுத்த பருவத்தில் பூவெல்லாம் தத்துப்பூச்சி பிடித்துக் கருகிக் கொட்டியது. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்கு அப்போது தெரியவில்லை. சீனத்தில் கி.பி. 304-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு தாவர நூலில், ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பூச்சியை ஒழிக்க இந்த எறும்புக் கூட்டைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிப் போனதாகக் குறிப்பு இருக்கிறது. அவர்கள் விலைக்கு வாங்கியதை நான் விலை கொடுத்துக் கொன்றிருக்கிறேன்.

பல வருஷம் கழித்து முசுறு தானாகவே திரும்பி வந்தது. நானும் அதற்குள் உப்பளக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றுவிட்டேன். 2007 கோடையில் ஒரு நாள் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது கையை வீசியதில் ஒரு முசுறு இலையிலிருந்து தவறியது. ஆனால் கீழே விழவில்லை. ஒரு நூலில் தொங்கியது. எறும்பு நூல் விட்டு இறங்குமா? தபால்தலை பார்க்கும் லென்ஸை எடுத்து வந்து பார்த்தேன். கால்களை எண்ணினேன். எட்டு.

அன்று தொடங்கிய பைத்தியம் இன்னும் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதில் தெரிந்துகொண்ட கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அது குதிக்கும் சிலந்தி வகை. வலை கட்டி இரைக்குக் காத்திருக்காது, துரத்திப் பிடிக்கும். ஆனால் எறும்பு வேஷம் கட்டியவை அதிகம் குதிப்பதில்லை. குதித்தால் வேஷம் கலைந்துவிடும் அல்லவா! சிலந்திக்கு உடம்பு இரண்டு துண்டு, எறும்புக்கு மூன்று. இது முன் துண்டின் நடுவே ஒரு இடுக்கு வைத்து, தலை வேறு மார்பு வேறு என்பது போலக் காட்டிக்கொள்கிறது. எறும்புக்கு ஆறு கால், மேலே இரண்டு மீசை. இது முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கிறது.

இந்த இனத்துக்கு மிர்மரக்னே என்று பெயர் வைத்தவர் வில்லியம் ஷார்ப் மெக்லே என்ற ஆங்கிலேயர், 1839-ல். கிரேக்கத்தில் எறும்பு, சிலந்தி என்ற இரண்டு சொல்லையும் ஒட்டவைத்த பெயர். நம் முசுறு வேஷக்காரனுக்குத் தனிப் பெயர் கிடைத்தது 1869-ல், இலங்கையிலிருந்து போன மாதிரியை வைத்து. வைத்தவர் ஆக்டேவியஸ் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ், இங்கிலாந்தில் ப்ளாக்ஸ்வொர்த் என்ற சிற்றூரின் பாதிரியார். அவர் கொடுத்த பெயர் பிளாட்டலியாய்டஸ். பிளாட்டாலியா என்பது கரண்டிவாயன் பறவை. வேடந்தாங்கலில் பார்த்திருப்பீர்கள், தட்டையான நீண்ட அலகால் தண்ணீரைத் துழாவும். ஆண் சிலந்திக்குத் தாடை முன்னால் அவ்வளவு நீளம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தாடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தெருக்கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய பிறகு வேஷக்காரர் குனிந்து ஒரு பீடி பற்றவைக்கப் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்களே, ஆண் சிலந்தியின் பாடு அதுதான். எறும்பு வேஷத்துக்கு இந்த நீளத் தாடை பொருந்தவே இல்லையே என்று வெகுநாள் கேள்வி இருந்தது. ஸிமேனா நெல்சனும் ராபர்ட் ஜாக்சனும் 2006-ல் சோதித்துப் பார்த்து எழுதினார்கள்: தாடையோடு பார்த்தால் அது வெறும் எறும்பு அல்ல, இன்னொரு எறும்பைத் தூக்கிச் செல்லும் எறும்பு. எறும்பைக் கண்டு ஒதுங்குபவை இதைக் கண்டும் ஒதுங்குகின்றன. ஆனால் எறும்பையே தின்னும் சிலந்திகளுக்குச் சுமை தூக்கிய எறும்பு என்றால் கொண்டாட்டம், திருப்பிக் கடிக்க வாய் சும்மா இல்லையே! அவை ஆணைத்தான் அதிகம் தாக்கின. ஒரு எதிரியிடம் தப்பி இன்னொன்றிடம் மாட்டிக்கொள்ளும் வேஷம்.

இனி நம்மவர்கள். 1915-ல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்த எறும்பு வேஷச் சிலந்திகளை எல்லாம் பார்த்து, புதிய வகைகளை விவரித்துக் கட்டுரை எழுதியவர் கே. நாராயண். அவர் பெயரிட்டவற்றில் ஒன்று ராமுண்ணி. அதே அருங்காட்சியகத்தில் அந்த வருஷங்களில் வேலை பார்த்தவர் எஃப்.எச். கிரேவ்லி. பழைய ஆட்களுக்கு இந்தப் பெயர் வேறு வகையில் பழக்கமாக இருக்கும். 1920 முதல் 1940 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர் அவர்தான். டி.என். ராமச்சந்திரனோடு சேர்ந்து அங்குள்ள செப்புத் திருமேனிகளுக்கு 1932-ல் பட்டியல் போட்டவர், திருவண்ணாமலைக் கோபுரங்களைப் பற்றி எழுதியவர். நானும் அவரைக் கோபுரத்துக்காரர் என்றே நினைத்திருந்தேன். அடிப்படையில் அவர் சிலந்தி, தேள் ஆராய்ச்சியாளர்! இந்தியச் சிலந்திகளைப் பற்றி வரிசையாக எழுதியிருக்கிறார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவரே கல்லைப் புரட்டியும் பார்த்திருக்கிறார்.

ஆனால் இவர்கள் எல்லோரைக் காட்டிலும் என் மனசுக்குப் பிடித்தவர் ஏ.பி. மாத்யூ. மற்றவர்கள் சாராயத்தில் ஊறிய சிலந்தியைப் பார்த்தார்கள். இவர் மரத்தடியில் உட்கார்ந்து உயிரோடு பார்த்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1934-ல் ஒன்று, 1954-ல் ஒன்று என இருபது வருஷ இடைவெளியில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டாவது கட்டுரையில் முசுறு வேஷம் கட்டும் இரண்டு சிலந்திகள் வருகின்றன. ஒன்று நம் கரண்டிவாயன். இது முசுறின் நடுவே வாழ்ந்தாலும் எறும்பைத் தொடாது, எறும்பு மேலே படாமல் விலகி விலகிப் போகும்; பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். முசுறுக்குப் பயந்து ஒதுங்கும் எதிரிகளிடமிருந்து தப்பிக்கத்தான் இதற்கு வேஷம். இரண்டாவது, அமிசியா என்ற நண்டுச் சிலந்தி. அதன் பின்புறம் இரண்டு கரும்புள்ளி இருக்கும், பார்ப்பதற்கு எறும்பின் கண்; அதாவது பின்பக்கம் எறும்பின் முகம். அடிபட்ட எறும்பு துடிப்பதுபோலத் துடிக்கும். என்ன ஆயிற்று என்று பக்கத்தில் வரும் முசுறைப் பிடித்துத் தின்னும். ஒரே மரம், ஒரே வேஷம். ஒன்று பிழைக்க, ஒன்று பிடிக்க. நான் அந்த நண்டுச் சிலந்தியை இன்னும் பார்த்ததில்லை.

பெயர் மாற்றமும் நடந்துவிட்டது. போலந்துக்காரர் யெர்சி புரோஷின்ஸ்கி 2016-ல் மிர்மரக்னே இனத்தைப் பல இனங்களாகப் பிரித்தபோது நம் சிலந்தி மிர்மபிளாட்டா ஆகிவிட்டது. கரண்டிவாயன் என்ற பாதிரியார் வைத்த பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. சிலந்திக்கு எறும்பு வேண்டும், எறும்புக்கு உயிரோடு இருக்கும் இலை வேண்டும். உப்பளப் பாத்தியில் உமிரி உண்டு, முசுறு ஏது? வரப்பைத் தாண்டிய மேட்டில் நாலு மா, நாலு பூவரசு, நாவல் நின்றால்தான் எல்லாம். நான் தூள் தட்டிய அன்று எறும்பு மட்டும் விழவில்லை. கொத்துக் கொத்தாய்க் கிடந்ததைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினேனே, அதில் எட்டுக் கால் எத்தனை என்று யார் எண்ணினார்கள்?

அந்த மாமரம் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் வேரோடு சாய்ந்தது. கிளைகளை வெட்டி அகற்றியபோது ஏழெட்டு முசுறுக் கூடுகள் இருந்தன.

இப்போது சிலந்தி பார்க்க வேண்டும் என்றால் புதுச்சேரி பஸ் பிடித்துக் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போகிறேன். சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாத காடு, தூள் போடாத காடு. போன மாதம் அங்கே ஒரு ஆணைப் பார்த்தேன், தாடையை நீட்டிக்கொண்டு எறும்புச் சாரிக்குப் பக்கத்தில், ஒரு விரல் தள்ளியே நடந்துகொண்டிருந்தது. லென்ஸோடு குனிந்து நின்ற என்னைப் பார்த்து, பொங்கல் வைக்க வந்த ஒரு அம்மா, "என்ன தேடறீங்க ஐயா, மோதிரம் கீதிரம் விழுந்துடுச்சா?" என்று கேட்டார். சிலந்தி என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது முசுறுங்க, கடிச்சிரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.