சந்தா சாகிப் நவாபுக்கு என்ன முறை?

தொண்டூரிலிருந்து செஞ்சிக் கோட்டைக்குச் செல்லும் நம்மவர் அனைவரும் அங்குள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசலைக் கண்டிருப்பர். 1714-இல் தேசிங்கு ராஜன் எனப்படும் தேஜ் சிங்கைப் போரில் வென்ற ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெயரால் அது வழங்குகிறது. அதன் பாரசீகக் கல்வெட்டு 1717-18-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த நவாபின் குடும்பத்தில் சந்தா சாகிப் எவ்வழியில் உறவினர் ஆனார் என்பது பழைய ஏடுகளைப் புரட்டுவோரைத் திகைக்க வைக்கும் ஒரு முடிச்சாகும். அதனை அவிழ்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்குழப்பம் பெயர்களில் தொடங்குகிறது. சாதத்துல்லா கான் என்பது பட்டம். அவரது இயற்பெயர் முஹம்மது சயீத். 1742 முதல் 1744 வரை ஆட்சிப் பீடத்தில் இருந்த சிறுவரும் நவாபுகளின் பட்டியல்களில் இரண்டாம் சாதத்துல்லா கான் என்றே குறிக்கப்படுகிறார். சந்தா சாகிபின் இயற்பெயரோ ஹுசைன் தோஸ்த் கான். இப்பெயரைக் கண்டவர், நவாப் தோஸ்த் அலியின் மகன் போலும் என்று எண்ணினால் வியப்பில்லை. அவர் மகன் அல்லர்.

இரண்டாவது குழப்பம் நம் மொழியைச் சார்ந்தது. மக்கட்பேறு இல்லாத சாதத்துல்லா கான், தம் உடன்பிறந்தாரின் புதல்வர் இருவரைத் தம் பிள்ளைகளாக ஏற்றார். மூத்தவர் தோஸ்த் அலி, 1732-இல் நவாபானார். இளையவர் பாகர் அலி வேலூர்க் கோட்டையைப் பெற்றார். ஆங்கிலேயர் நூல்களில் இவர்களைக் குறிக்கும் சொல்லை 'மருமகன்' என்று தமிழாக்கினால் முறையே மாறிவிடும். சகோதரரின் மகன் நமக்கு மகன் முறை. மருமகன் என்றாலோ சகோதரியின் மகன் அல்லது மகளின் கணவன். ஒரு சொல் பிசகினால் பரம்பரையே வேறு வீட்டுக்குப் போய்விடும்!

இனி சந்தா சாகிபைப் பார்ப்போம். ராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கிலேயர் 1763-இல் வெளியிட்ட வரலாற்றில் இவரை நவாபின் தூரத்து உறவினர் என்கிறார். எனினும் தோஸ்த் அலி தம் மகளிருள் ஒருத்தியைப் பாகர் அலியின் மகன் முர்த்தஸா அலிக்கும், மற்றொருத்தியைச் சந்தா சாகிபுக்கும் மணமுடித்துக் கொடுத்தார். எனவே முர்த்தஸா அலியும் சந்தா சாகிபும் சகலைகள். நவாபின் மகன் சஃப்தர் அலி இருவருக்கும் மைத்துனர். இத்துடன் உறவு நிற்கவில்லை. சாதத்துல்லா கானுக்குப் பிரியமான மனைவியின் உறவினர் குலாம் ஹுசைன் திவான் பதவியில் இருந்தார். சந்தா சாகிப் தம் மற்றொரு மனைவிக்குப் பிறந்த மகளை அவருக்குக் கொடுத்து, நாளடைவில் அத்திவான் பதவியைத் தாமே பெற்றுக்கொண்டார். நவாபுக்கு மருமகன், திவானுக்கு மாமனார்! தூரத்து உறவினர் அரண்மனையின் நடுவே வந்து அமர்ந்த வழி இதுவே.

ஓர்ம், சந்தா சாகிபை எதிர்த்துப் போரிட்ட தரப்பின் வரலாற்றாசிரியர். ஆதலால் அவர் இவருக்கு ஒப்புக்கொள்ளும் உறவு மிகைப்படுத்தப்பட்டதாக இருக்க வாய்ப்பில்லை என்பது என் கருத்து. வாலாஜா நவாபுக்காக புர்ஹான் எழுதிய 'துஸுக்-இ-வாலாஜாஹி' என்னும் பாரசீக நூலும் எதிர்த்தரப்பு நூலேயாகும். அதனை ஆங்கிலத்தில் பெயர்த்த நம் அறிஞர் முஹம்மது ஹுசைன் நயினாரின் உழைப்பு போற்றுதற்குரியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1934-லும் 1939-லும் அதனை இரு பகுதிகளாக வெளியிட்டது.

அக்காலச் செய்தித்தாள்களைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். சென்னையில் முதல் செய்தித்தாளான 'மெட்ராஸ் கூரியர்' 1785-இல்தான் தோன்றிற்று. அந்தக் குறையைப் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு பெருமளவு நீக்குகிறது. 1740-இல் தாமல்செருவுப் போரில் மராட்டியரிடம் தோஸ்த் அலி உயிரிழந்தபின், அவருடைய மனைவியும் குடும்பத்தாரும் சந்தா சாகிபின் மனைவி மக்களும் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியர் கேட்டபோது ஆளுநர் துய்மா மறுத்துவிட்டார். சந்தா சாகிபுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஏற்பட்ட நெருக்கம் இந்த அடைக்கலத்தால் உறுதிப்பட்டது. 1750-இல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததையும் இந்த உறவை விடுத்து விளங்கிக்கொள்ள இயலாது.

இவ்வுறவுகள் அனைத்தையும் பிணைத்தவர்கள் பெண்கள். ஓர்மின் நூல் அவர்களைக் கூறும்போது "மகள்", "மனைவி", "மற்றொரு மனைவி" என்றே செல்கிறது, பெயர் இல்லை. மணமகன், மணமகள் இருவர் பெயரும் தந்தையர் பெயரும் ஒரே வரியில் நிற்கும் நமது நிக்காஹ் பதிவேட்டின் அருமை இந்த ஏடுகளைப் படித்தபின் நன்கு விளங்கும்.

நெருங்கிய உறவு உயிரைக் காக்கவுமில்லை. 1742-இல் வேலூரில் சஃப்தர் அலி கொலையுண்டதற்குக் காரணமானவர் அவருடைய சிறிய தந்தையின் மகனும் சகோதரியின் கணவருமான முர்த்தஸா அலியே. சஃப்தர் அலியின் இளம் மகனும் 1744-இல் ஆர்க்காட்டில் ஒரு திருமண வீட்டில் குத்திக் கொல்லப்பட்டார். மராட்டியர் சிறையிலிருந்து 1748-இல் மீண்ட சந்தா சாகிப், அடுத்த ஆண்டே ஆம்பூரில் அன்வருத்தீன் கானை வீழ்த்தி நவாபானார். 1752-இல் ஸ்ரீரங்கத்தில் தஞ்சைப் படைத்தலைவர் மானோஜியிடம் சரணடைந்த அவர், அங்கேயே கொல்லப்பட்டார்.